வெல்காவின் முதல் சனிக்கிழமைகள்

கண்ட்ரி பாடகர்கள் பேரெடுக்கப் போகும் நாஷ்வில்லுக்கு ஏன் போகவில்லை என்று நெல்டா கோவரிடம் கேட்காதவர்கள் எங்கள் பக்கத்தில் இல்லை. பெட்ரோல் போடும் இடத்தில் கேட்பார்கள். பல் மருத்துவர் அவர் வாய்க்குள் கையை விட்டுக்கொண்டே கேட்டாராம். எல்லோருக்கும் ஒரே பதில்தான்.

"அங்க எல்லாரும் உக்காந்துக்கிட்டுக் கேப்பாங்களாம். உக்காந்துக்கிட்டுக் கேக்கறவங்களுக்கு என்ன பாடறதுன்னு எனக்குத் தெரியாது."

கேட்டவர்கள் சிரிப்பார்கள். அவர் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. ஹூஸ்டனுக்கும் சான் அன்டோனியோவுக்கும் நடுவே கிடக்கும் இந்த மேய்ச்சல் நிலத்தில் கண்ட்ரி பாட்டு என்றால் ஆடுவதற்கு உள்ளது. நெல்டா ஒரு வரியை எழுதும்போதே காலால் தரையைத் தட்டிப் பார்த்துத்தான் எழுதுவார். பாட்டு நன்றாக வந்திருக்கிறதா என்று அவர் யாரிடமும் கேட்டதில்லை. ஆட்டத் தளத்தைப் பார்ப்பார். ஜோடிகள் எழுந்து வந்தால் பாட்டு பிழைத்தது. முதல் சரணம் முடிவதற்குள் நாற்காலிக்குத் திரும்பினால் அந்தப் பாட்டை மறுபடி எடுக்கமாட்டார், எவ்வளவு உருகி எழுதியிருந்தாலும் சரி. அப்படி ஒதுக்கிய பாட்டுகளை வேனில் போகும்போது முணுமுணுப்பார். நான் கேட்டிருக்கிறேன். அவற்றில் ஒன்றிரண்டு அவர் மேடையில் பாடுகிற எதையும்விட நல்லவை. சொன்னால், "அதுக்கு யாரும் ஆடல, சன்னி" என்பார். அதோடு பேச்சு முடிந்துவிடும்.

சன்னி என்பது நான்தான். அப்பா அம்மா வைத்த பெயர் சுந்தரம். இங்கே மின்சாரக் கூட்டுறவு சங்கத்தில் பொறியாளராக இருக்கிறேன். வெல்கா ஹாலின் பழைய வயரிங் தீப்பிடித்துவிடுமோ என்று பார்க்கப் போனவன், பார்த்த பிறகு பயம் அதிகமாகி, ஆட்டம் நடக்கும் சனிக்கிழமைகளில் எல்லாம் அங்கேயே இருக்க ஆரம்பித்தேன். சும்மா நிற்கிறானே என்று நெல்டா, ஒலியைக் கூட்டிக் குறைக்கும் பலகையை என் கையில் கொடுத்தார். அப்படியே அவருடைய குழுவில் சேர்ந்துவிட்டேன்.

நெல்டாவின் வாழ்க்கையைச் சொல்வது சுலபம், ஏனென்றால் அதில் பாதி ஒரு வேனுக்குள் நடந்தது. அவருக்குக் கம்பெனி கிடையாது, மேலாளர் கிடையாது. இசைத்தட்டுகளைத் தானே பதிவு செய்து, தானே அடித்து, மேடைக்குப் பக்கத்தில் மடக்கு மேசை போட்டுத் தானே விற்பார். வட்டார வானொலிக்காரர்களுக்குத் தானே போன் செய்து, அவர்கள் பிள்ளைகளின் பேஸ்பால் ஆட்டத்தைப் பற்றி விசாரித்து, கடைசியில் பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்வார். 'கதவைச் சாத்திட்டுப் போ' என்ற பாட்டு ஒருமுறை மாநிலப் பட்டியலில் இரண்டாவது இடம்வரை ஏறியது. விட்டுப் போகிற புருஷனைப் பார்த்து ஒரு பெண் பாடுவது: போவதானால் போ, ஆனால் தோட்டத்துக் கதவைச் சாத்திவிட்டுப் போ, மாடு ரோட்டுக்குப் போய்விடும். அதை இப்போதும் கல்யாணங்களில்கூடக் கேட்கிறார்கள். வார நாட்களில் நெல்டா பள்ளிப் பேருந்து ஓட்டுவார். மருத்துவக் காப்பீடு வருவது அதில்தான். வயது அறுபத்திரண்டு. பேருந்தில் ஏறும் பிள்ளைகளின் அப்பாக்களில் பாதிப் பேர் அவர் பாட்டுக்கு ஆடித்தான் தங்கள் மனைவிகளைப் பிடித்தார்கள்.

அந்தக் கதவுப் பாட்டில் வரும் புருஷன் ராய்ஸ். உண்மையிலேயே விட்டுப் போனவர். விவாகரத்தாகி வெகுகாலம் ஆகிறது. ஆனால் இன்றும் நெல்டாவிடமே ஸ்டீல் கிட்டார் வாசிக்கிறார், வேனையும் ஓட்டுகிறார்.

"புருஷனை விட்டுட்டு வாசிக்கறவனை வச்சிக்கிட்டியே" என்று யாராவது சீண்டினால் நெல்டா சொல்வார்: "இன்னொரு புருஷன் கிடைச்சிருப்பான். இன்னொரு ஸ்டீல் கிட்டார்காரன் எங்க கிடைப்பான்?"

"பாத்தியா சன்னி, என் மதிப்பு" என்பார் ராய்ஸ் என் பக்கம் திரும்பி. "ஆனா கதவை நான் சாத்திட்டுத்தான் போனேன். பாட்டுல பொய் எழுதிட்டா."

"மாடு எப்படிடா ரோட்டுக்கு வந்துச்சு?"

"அது வேலியத் தாண்டினது."

இது வாரம் ஒருமுறை நடக்கும்.

வெல்கா ஹாலைப் பற்றிச் சொல்ல வேண்டும். லவாக்கா ஆற்றுக்குத் தெற்கே, சோளக்காட்டு நடுவில், செக் நாட்டுக் குடியேறிகள் கட்டிய மரக் கூடம். ஒவ்வொரு மாதமும் முதல் சனிக்கிழமை அங்கே நெல்டாவின் ஆட்டம். மற்ற இடங்களில் வருவதும் போவதும் உண்டு. ஒரு ஹால் மூடும், ஒரு மதுக்கடை புதிதாகத் திறந்து ஆறு மாதத்தில் வேறு ஆளைப் பிடிக்கும். வெல்கா மட்டும் அசையவில்லை. வெல்காவில் யார் பாடுகிறார்களோ அவர்களைத்தான் சுற்றியுள்ள ஊர்களும் கூப்பிடும். அதனால்தான் டிரம்ஸ்காரரும் பேஸ்காரரும் நெல்டாவை விட்டுப் போகாமல் இருந்தார்கள். நெல்டாவே அடிக்கடி சொல்வார்: "வெல்கா போச்சுன்னா நானும் போயிட்டேன். அப்புறம் பஸ் ஓட்டிக்கிட்டே சாக வேண்டியதுதான்." அதைச் சொல்லும்போது முகத்தில் இருப்பது பயமா ஆசையா என்று எனக்கு ஒருநாளும் பிடிபட்டதில்லை.

ஆட்டத் தளத்தில் ஜோடிகள் இடமிருந்து வலமாக வட்டமாய்ச் சுற்றுவார்கள். மேடையில் நிற்பவருக்கு ஒவ்வொரு முகமும் ஒரு நிமிடத்துக்கு ஒருமுறை வந்து போகும். நெல்டா முப்பது வருடமாக அங்கேயே நின்று அந்த முகங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். யார் யாரோடு இருந்தார், யார் கர்ப்பமானார், யார் ஒரு மாதம் வராமல் அடுத்த மாதம் தனியாக வந்தார், எல்லாம் அவருக்குத் தெரியும். இடைவேளைக்கு முன்னால் திருமண நாள் கொண்டாடும் ஜோடிகளை நடுவில் அழைத்து மூன்று எண்ணிக்கைத் தாளத்தில் ஒரு வால்ட்ஸ் வாசிப்பது இங்கே வழக்கம். பேரையும் எத்தனை வருடம் என்பதையும் பாடகர் சொல்ல வேண்டும். முதல் சுற்று அந்த ஜோடி மட்டும். அடுத்த சுற்றில் மற்றவர்களும் சேர்ந்துகொள்வார்கள். மற்ற ஹால்களில் பேரை எழுதிக் கொடுப்பார்கள். நெல்டாவுக்கு எழுதிக் கொடுப்பதை யாராவது நினைத்தால்கூட அவருக்குக் கோபம் வரும். எல்லாம் மனப்பாடம். அவருக்காக வராதவர்கள்கூட இதைக் கேட்க வருவார்கள்.

ஹால் கமிட்டித் தலைவர் எர்வின் பார்டோஷ். மாட்டுத்தீவனக் கடைக்காரர், நெட்டையான மனிதர். அவர் மனைவி போலீனும் நெட்டை. முப்பது வருடம் போலீன்தான் வாசலில் உட்கார்ந்து வருபவர்கள் கையில் நுழைவு முத்திரை குத்தியவர். புற்றுநோயில் போய்விட்டார். மூன்று வருடம் கழித்து எர்வின், ஹூஸ்டனிலிருந்து ஷார்லெட் என்ற ஒரு பெண்மணியைக் கல்யாணம் செய்து கூட்டி வந்தார். குட்டையானவர், சிரிப்பதற்கு முன்னால் யோசிப்பவர். ஆட்டம் தெரியாது. எர்வின் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார்.

ஏப்ரல் முதல் சனிக்கிழமை அவர்களுடைய முதலாவது திருமண நாள்.

முந்தைய நாள் நெல்டா பேருந்தை நிறுத்திவிட்டு நேராக வேனில் ஏறி, மேற்கே வெகுதூரம் போய் ஒரு கால்நடைக் கண்காட்சியில் பாடினார். அங்கே ஒலிபெருக்கியைவிடக் காளைகள் அதிகமாகக் கத்தின. வேனிலேயே தூங்கி, திரும்பி வந்து, குளித்து, வெல்கா. மேடைக்குப் பின்னால் ராய்ஸ் அவர் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"பொணம் மாதிரி இருக்கே."

"மேக்கப் போட்ட பொணம்னு சொல்லு. சொந்தக் காசுல வாங்கினது."

"இன்னிக்கு மெதுவான பாட்டா போடலாமா?"

"மெதுவாப் போட்டா நின்னுக்கிட்டே தூங்கிடுவேன். வேகமாவே போடு."

பாடும்போது ஒன்றும் தெரியவில்லை. குரல் எப்போதும்போல இருந்தது. தளம் நிரம்பியிருந்தது. இடைவேளைக்கு முன் வால்ட்ஸ் நேரம் வந்தது. எர்வின் நடுவில் வந்து கையை நீட்டிக்கொண்டு நின்றார். ஷார்லெட் நாற்காலியிலிருந்து எழுந்து, பாவாடையை நீவிக்கொண்டே நடந்து வந்தார்.

நெல்டா மைக்கைப் பிடித்தார்.

"இன்னிக்கு ஒரே ஒரு ஜோடிதான். நம்ம தலைவரே! நாற்பத்திரண்டு வருஷம்! எர்வின், போலீன் பார்டோஷ்!"

ஹால் கை தட்டியது. அதுதான் நடந்தது. முப்பது வருடப் பழக்கத்தில் கைகள் தாமாகவே தட்டிவிட்டன. யாரோ விசில்கூட அடித்தார்கள். பிறகு ஓரத்திலிருந்து அடங்க ஆரம்பித்து, கடைசியில் பீர் மேசைப் பக்கம் ஒரே ஒருவர் தட்டிக்கொண்டிருந்தார், அவரும் நிறுத்தினார். நான் மைக்கின் குமிழைக் கீழே இழுத்திருந்தேன். எதற்கு என்று தெரியவில்லை.

ஷார்லெட் தளத்தின் பாதியில் நின்றுவிட்டார். எர்வினின் கை நீட்டியபடியே இருந்தது. ராய்ஸ்தான் காப்பாற்றினார், அதாவது காப்பாற்ற நினைத்து வால்ட்ஸை ஆரம்பித்துவிட்டார். இசை வந்துவிட்டதால் ஷார்லெட் மீதித் தூரத்தையும் நடந்து வந்து கையைக் கொடுத்தார். ஆடினார்கள். ஒரு சுற்று முடிந்தது. மற்றவர்கள் சேர வேண்டிய நேரம். யாரும் எழவில்லை. யார் முதலில் எழுவது என்று எல்லோரும் எல்லோரையும் பார்த்தார்கள். மரியாதைக்காகத்தான். அந்த மரியாதையால் இருவரும் பாட்டு முடியும்வரை அந்தப் பெரிய தளத்தில் தனியாகவே ஆட வேண்டியதாயிற்று. நெல்டா மூன்றாவது சரணத்தை விட்டுவிட்டுச் சீக்கிரம் முடித்தார்.

இடைவேளையில் ஷார்லெட் கோட்டை எடுத்துக்கொண்டு ட்ரக்கில் போய் உட்கார்ந்துவிட்டார். எர்வின் கடைசிவரை இருந்து, விளக்குகளை அணைத்து, கதவைப் பூட்டினார். எங்களிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

திங்கட்கிழமைக்குள் தீவனக் கடையிலிருந்து மாதா கோவில்வரை இதுதான் பேச்சு. பெயரை மாற்றிச் சொன்னதை மன்னித்துவிடலாம், வயதாகிறது என்றார்கள். அந்த நாற்பத்திரண்டுதான் யாருக்கும் செரிக்கவில்லை. போலீன் செத்த வருடத்தோடு கணக்கு நிற்கவில்லை. அதற்குப் பின்னால் வந்த வருடங்களையும் ஒழுங்காகக் கூட்டித்தான் நெல்டா சொல்லியிருக்கிறார். அடுத்த வாரம் வியாழக்கிழமை கமிட்டி கூடுகிறது என்றும், சான் மார்க்கோஸிலிருந்து ஒரு இளவட்டக் குழு முதல் சனிக்கிழமையைக் கேட்டிருக்கிறது என்றும் செய்தி வந்தது.

ராய்ஸ் பேருந்து நிறுத்தும் இடத்துக்கே போய்விட்டார். நான் பக்கத்து மின்கம்பத்தில் வேலையாக இருந்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். உண்மையில் கவலை தாங்காமல் போயிருந்தேன்.

"போய் மன்னிப்பு கேளு, நெல்டா."

"எர்வினுக்கு போன் பண்ணேன். எடுக்கல."

"எர்வின்கிட்ட இல்ல. அந்த அம்மாகிட்ட."

நெல்டா பேருந்தின் படியில் உட்கார்ந்து காலணியைக் கழற்றி, பாதத்தைப் பிடித்துவிட்டுக்கொண்டார்.

"முப்பது வருஷமா சனிக்கிழமை சனிக்கிழமை சிரிச்சிருக்கேன், ராய்ஸ். காய்ச்சல்ல சிரிச்சேன். எங்கம்மாவைப் பொதைச்சிட்டு வந்து சிரிச்சேன். நீ என்னை விட்டுட்டுப் போன அந்த வாரம்கூடச் சிரிச்சேன். இப்ப போய் அழுது காட்டவும் வேணுமா?"

"அழ வேணாம். ஏதாவது தின்பண்டம் கொண்டு போ."

"வெல்கா போனா போகட்டும்னு இருக்கு."

"உனக்கு இருக்கும். டிரம்ஸ்காரன் சான் மார்க்கோஸ் பசங்ககிட்ட பேச ஆரம்பிச்சிட்டான். நேத்து என்கிட்டயும் பேசினாங்க."

நெல்டா நிமிர்ந்து பார்த்தார். "நீ என்ன சொன்னே?"

"என் முன்னாள் பொண்டாட்டிகிட்டக் கேட்டுச் சொல்றேன்னேன்."

நெல்டா சிரிக்கவில்லை. காலணியை மாட்டிக்கொண்டார். அப்புறம் என்னைப் பார்த்து, "நீயும் வா, சன்னி" என்றார்.

"நான் எதுக்கு?"

"அவளும் வெளியூர்க்காரி, நீயும் வெளியூர்க்காரன். உன்னைப் பாத்தா கதவைத் திறப்பா."

ஹூஸ்டன் இங்கிருந்து இரண்டு மணி நேரம். மதுரை எத்தனை மணி நேரம் என்று நான் சொல்லவில்லை. இந்த ஊர்க் கணக்கில் இரண்டும் ஒன்றுதான்.

கமிட்டிக்கு முந்தைய நாள், புதன்கிழமை, காலைப் பேருந்துச் சுற்றுக்கும் மதியச் சுற்றுக்கும் நடுவில் நானும் நெல்டாவும் போனோம். நெல்டா மடியில் ஒரு பீங்கான் தட்டு, அதில் கசகசா வைத்த கொலாச்சி ரொட்டிகள், மேலே துணி மூடியிருந்தது. வழியில் நெடுஞ்சாலை பெட்ரோல் கடையில் வாங்கி, அட்டைப் பெட்டியைக் குப்பையில் போட்டுவிட்டுத் தட்டுக்கு மாற்றியது.

ஷார்லெட் கதவைத் திறந்தார். என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நெல்டாவைப் பார்த்தார். தட்டைப் பார்த்தார்.

"எர்வின் மேய்ச்சல்ல இருக்கார்."

"உங்களைத்தான் பாக்க வந்தோம்" என்றார் நெல்டா.

சமையலறை மேசையில் உட்கார வைத்தார். காப்பி ஊற்றினார். துணியை விலக்கி ஒரு கொலாச்சியைத் திருப்பிப் பார்த்தார்.

"இது நெடுஞ்சாலைக் கடையோடது."

"தட்டு என்னுது" என்றார் நெல்டா.

ஷார்லெட் எதிரில் உட்கார்ந்தார். "இருபத்தஞ்சு வருஷம் ஏர்போர்ட் கவுண்டர்ல நின்னவ நான். பெட்டி தொலைஞ்சவங்க, பிளேன் விட்டவங்க, எல்லார்கிட்டயும் மன்னிப்பு கேட்டிருக்கேன். மன்னிப்புல எத்தனை ரகம் இருக்குன்னு எனக்குத் தெரியும். நீங்க எந்த ரகம் கொண்டு வந்திருக்கீங்க?"

நெல்டா காப்பிக் கோப்பையைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு யோசித்தார். "தூக்கம் பத்தலன்னு சொல்லலாம்னு வந்தேன். அது நெசம்தான். ஆனா அதைச் சொல்ல வெக்கமா இருக்கு."

"பேரை மாத்திச் சொன்னது போகட்டும். எனக்கே இங்க பாதிப் பேர் பேர் தெரியாது." ஷார்லெட் குரல் உயரவில்லை. "அவங்க கை தட்டினாங்க. அதைத்தான் என்னால மறக்க முடியல. ஒருத்தர் விசில் அடிச்சார். நான் நடந்து வரேன், அவங்க அவளுக்குக் கை தட்டறாங்க."

நான் காப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அந்த நாற்பத்திரண்டு எங்கேர்ந்து வந்துச்சு? உக்காந்து எண்ணி வச்சிருந்தீங்களா?"

"எண்ணல. அது தானா ஓடுது. எனக்கு அதை நிறுத்தத் தெரியல. செத்தவங்களுக்கு ஓடுது, பிரிஞ்சவங்களுக்கு ஓடுது. மேடையில நிக்கும்போது ஒவ்வொரு மூஞ்சியும் வருது, கூடவே ஒரு நம்பரும் வருது. எனக்கும் ராய்ஸுக்கும்கூட முப்பத்தஞ்சு ஓடிக்கிட்டிருக்கு. விவாகரத்து ஆனது தலைக்குத் தெரியுது, அதுக்குத் தெரியல. நான் ரொம்பக் களைச்சுப் போயிருக்கேன், மிஸ் ஷார்லெட்."

ஷார்லெட் ஒரு துண்டு பிய்த்து வாயில் போட்டுக்கொண்டார். வெகுநேரம் மென்றார்.

"ஆடும்போது அவர் கையை என் முதுகுல எங்க வைக்கறார் தெரியுமா? கழுத்துக்குக் கீழ, இங்க. நாற்பது வருஷம் நெட்டையா ஒருத்தியப் பிடிச்ச கை அது. ஒரு வருஷமா கீழ இறங்கல. ஒவ்வொரு சுத்துலயும் நான் இன்னொருத்தி சட்டையைப் போட்டுக்கிட்டு ஆடற மாதிரி இருக்கு."

"அவர் வாயைப் பாத்திருக்கீங்களா?" என்றார் நெல்டா.

"என்ன?"

"ஆடும்போது. அவர் உதட்டை."

"நான் காலைப் பாத்துக்கிட்டிருப்பேன். தப்பு வைக்கக்கூடாதேன்னு."

"அதான் தெரியல. அவர் எண்ணறார். ஒண்ணு ரெண்டு மூணு, ஒண்ணு ரெண்டு மூணுன்னு. போன வருஷம் பூரா எண்ணினார், இப்பவும் எண்ணறார். நீங்க ஒரு அடி தப்பா வச்சா, அவரும் அடுத்த அடியைத் தப்பா வைக்கறார், உங்களுக்குத் தெரியாம இருக்கட்டும்னு. நான் மேலேர்ந்து பாக்கறேனே." நெல்டா கோப்பையைக் கீழே வைத்தார். "போலீனோட ஆடும்போது அவர் கண்ணு வாசல்ல இருக்கும். கூட்டம் எவ்வளவு வருதுன்னு. அத்தனை வருஷத்துல அவர் போலீன் காலைப் பாத்து நான் பாக்கல."

வெளியே எங்கோ ஒரு டிராக்டர் நின்றது.

ஷார்லெட் நெல்டாவை நேராகப் பார்த்துக் கேட்டார்: "வெல்கா கைவிட்டுப் போயிடக்கூடாதுன்னு இதைச் சொல்றீங்களா?"

இல்லை என்று சொல்லுங்கள் என்று எனக்குள் கத்தினேன்.

"ஆமா" என்றார் நெல்டா. "அதுக்காகத்தான் வந்தேன். ஆனா சொன்னது நெசம்."

ஷார்லெட் கை துடைத்துக்கொண்டு எழுந்தார். கோபமா என்று முகத்தில் தெரியவில்லை. கவுண்டருக்குப் பின்னால் இருபத்தைந்து வருடம் நின்ற முகம் அது.

"கமிட்டி நாளைக்கு. எர்வின் கேட்டா நான் ஒண்ணு சொல்வேன். என்ன சொல்வேன்னு உங்ககிட்ட சொல்லமாட்டேன்." வாசல்வரை வந்தார். "மூணாவது சரணத்தை விட்டுட்டீங்க. அதைக் கவனிச்சேன். அதுக்கு மட்டும் நன்றி."

திரும்பி வரும்போது நெல்டா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். சாலையோரம் முழுக்க நீலப் பூக்கள். ஊரார் இந்த வாரம் குழந்தைகளை அந்தப் பூக்களுக்கு நடுவில் உட்கார வைத்துப் படம் எடுப்பார்கள். அவர் அதைப் பார்த்ததாகத் தெரியவில்லை.

"ஏன் ஆமான்னு சொன்னீங்க?" என்றேன். வெல்கா போனால் சனிக்கிழமைகளில் நான் என்ன செய்வேன் என்பதைத்தான் அப்போது நினைத்துக்கொண்டிருந்தேன்.

"பொய் சொல்லணும்னா கொஞ்சம் தெம்பு வேணும், சன்னி." கொஞ்ச நேரம் கழித்து, "கெடைக்கலன்னா என்ன பண்ணுவேன்னு யோசிச்சுப் பாத்தேன்" என்றார். "சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குக் கட்டில்ல படுத்துக்கறது. ஜன்னலைத் திறந்து வச்சிக்கிட்டு. யாருக்கும் கல்யாணம் ஆகி எத்தனை வருஷம்னு தெரியாம."

"நல்லாத்தானே இருக்கு?"

"ரொம்ப நல்லா இருக்கு. அதனாலதான் பயமா இருக்கு."

வெள்ளிக்கிழமை மதியம் பள்ளிப் பேருந்து நிறுத்தும் இடத்தில் வேனில் சாமான்களை ஏற்றிக்கொண்டிருந்தோம். அன்று இரவு விக்டோரியாவுக்குத் தெற்கே ஒரு மீன்வறுவல் விருந்தில் பாட வேண்டும். ராய்ஸ் ஸ்டீல் கிட்டார்ப் பெட்டியைத் தூக்கும்போது நெல்டாவின் போன் அடித்தது. கை நிறைய மைக் ஸ்டாண்டுகள் இருந்ததால் ஒலிபெருக்கியில் போட்டு, வேன் படியில் வைத்தார். எர்வின்.

"மிஸ் நெல்டா."

"சொல்லுங்க, எர்வின்."

"கமிட்டி கூடினோம். முதல் சனிக்கிழமை உங்களுக்குத்தான்."

ராய்ஸ் பெட்டியைக் கீழே வைத்தார். நெல்டா கண்ணை மூடினார்.

"வருஷக் கடைசிவரைக்கும்னு வழக்கமா எழுதுவோம்" என்றார் எர்வின். "இந்தத் தடவை அடுத்த ஏப்ரல்வரைக்கும் எழுதச் சொன்னா ஷார்லெட். அவ கமிட்டியில இல்ல. ஆனாலும் எழுந்து நின்னு சொன்னா." தொண்டையைச் செருமினார். "அடுத்த ஏப்ரல்ல நீங்களே, அதே மைக்ல, அவ பேரைச் சொல்லணுமாம். வேற யார் சொன்னாலும் கணக்கில்லையாம். அப்பவும் கை தட்டறாங்களான்னு அவ பாக்கணுமாம்."

"சரி" என்றார் நெல்டா.

"பேரையும் வருஷத்தையும்."

"ரெண்டு வருஷம். ஷார்லெட் பார்டோஷ். தெரியும், எர்வின்."

அந்தப் பக்கம் போன் வைக்கப்படவில்லை. மூச்சு கேட்டது.

"அந்த நாற்பத்திரண்டு" என்றார் எர்வின், மெதுவாக. "வீட்டுக்கு வந்து எண்ணிப் பாத்தேன். சரிதான்."

வைத்துவிட்டார்.

ராய்ஸ் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிக்கொண்டார். "அப்ப நான் சான் மார்க்கோஸ் பசங்களுக்கு வேணாம்னு சொல்லிடறேன். சம்பளம் நல்லா சொன்னாங்க, பரவாயில்ல." நெல்டாவின் முகத்தைப் பார்த்தார். "என்னடி இது? ஜெயிச்சிட்டு மூஞ்சியை இப்படி வச்சிருக்கே?"

"கட்டிலை ஜன்னல் பக்கம் தள்ளிப் போட்டிருந்தேன்" என்றார் நெல்டா.

"திருப்பித் தள்ளிடலாம்."

"அடுத்த ஏப்ரல்வரைக்கும் சாகக்கூட முடியாது போல இருக்கே, ராய்ஸ்."

"செத்தா நான் சொல்றேன் அவ பேரை."

"நீ சொன்னா கணக்கில்ல. கேட்டேல்ல."

மைக் ஸ்டாண்டுகளை என்னிடம் கொடுத்தார். முன் இருக்கையில் ஏறி, அதைப் பின்னால் சாய்த்து, கோட்டை மார்புவரை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"ஒன்றரை மணி நேரம்" என்றார் ராய்ஸ்.

"வந்ததும் எழுப்பு. வழியில பேசாத."

ராய்ஸ் வண்டியைக் கிளப்பினார். ஊர் எல்லை தாண்டுவதற்குள் நெல்டா தூங்கிப்போயிருந்தார். சரியாகக் கட்டினேனா என்ற சந்தேகத்தில் நான் பின்னால் திரும்பி, ஒலிபெருக்கிகளின் கயிற்றை ஒருமுறை இழுத்துப் பார்த்தேன்.